“வீட்டுக்குக் கொண்டு போங்க” என்று சொன்ன பிறகு: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டியிலோ பதுளையிலோ மஹரகமையிலோ மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் வார்டில், “இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்” என்பார்கள். கையில் ஒரு டயக்னோசிஸ் கார்ட் (நோய் விவரமும் மருந்தும் எழுதிய அட்டை), ஒரு பை மருந்து. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து சேர்ந்த இரவே கேள்விகள் தொடங்கிவிடும். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மருந்தளவுகளை விஷயம் விளங்குவதற்காகச் சொல்லியிருக்கிறோம். உங்கள் நோயாளிக்கு அவருடைய டொக்டர் எழுதிக் கொடுத்ததுதான் அளவு.

ஒன்னும் செய்ய முடியாதுன்னு கைவிட்டுட்டாங்களா?

இல்லை. நோயைக் குணமாக்கும் வைத்தியம் நின்றிருக்கிறது. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றுக்கான வைத்தியம் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. அதற்குப் பெயர்தான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. வார்டில் “பலியேட்டிவ் கெயார்” என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 5 கோடி 68 இலட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது. கிடைப்பது 100 பேரில் சுமார் 14 பேருக்கு.

புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அடுப்புப் புகையில் நுரையீரல் கெட்டவர், இருதயம் பலவீனமானவர், சிறுநீரகம் செயலிழந்தவர், பக்கவாதத்தில் விழுந்தவர் எல்லாருக்கும் உரியது. கடைசி வாரத்தில்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. கீமோ நடக்கும்போதே வலிக்கான கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான குடும்பங்கள் பிந்தித்தான் கேட்கின்றன. அநாவசியமான வேதனைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஹொஸ்பீஸ் ஒன்றில் சேர்க்க முடியாதா?

கடைசிக் கால நோயாளிகளைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இந்த இல்லங்கள் நாட்டில் மிகச் சிலவே இருக்கின்றன. மஹரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இருக்கிறது. பிள்ளைகளுக்கு, அதே ஊரில் சுவ அரண. ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ அங்கே போய் வருவதற்கு ஒரு முழு நாள் வேண்டும். ஒருவர் அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் நிற்கவும் வேண்டும். அதனால் மலையகத்தில் பெரும்பாலானவர்களுக்கு லயத்துக் காம்பராதான் (அறைதான்) ஹொஸ்பீஸ். அதை ஒழுங்காக நடத்த முடியும். கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள் அதைப் பற்றியவைதான் என்பதை வாசித்துப் போகும்போது காண்பீர்கள்.

வார்டை விட்டு வரும்முன் என்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

இந்த அரை மணித்தியாலத்தில் அவசரப்பட்டால் பிறகு ஒரு மாதம் அலைய வேண்டிவரும். டயக்னோசிஸ் கார்டைக் கையில் வாங்கியதும் நான்கு விஷயம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: நோயின் பெயரும் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும், ஒவ்வொரு மருந்தும் எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு, அடுத்த கிளினிக் திகதி, வலி கூடினால் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவில் காட்டுவது. இல்லையென்றால் தாதி மிஸ்ஸிடம் பணிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். தோட்ட டிஸ்பென்சரியிலும் டிக்கோயா, நுவரெலியா ஆஸ்பத்திரிகளிலும் உங்களை அறியாத ஒருவர் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறார். வாங்கியவுடன் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். மழையில் நனைந்து எழுத்து அழிந்த கார்டுகள் ஏராளம்.

மருந்தை எண்ணிப் பாருங்கள். “ஒரு மாதம்” என்பார்கள், பையில் 14 நாளுக்கு இருக்கும். நோயாளி நடக்க முடியாதவர் என்றால், கிளினிக் புத்தகத்துடன் வீட்டார் ஒருவர் வந்து மருந்து எடுக்கலாமா என்று கேட்டு, அதையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சிங்களம் பேசத் தெரியாதவர் நோயாளியுடன் நிற்பதாக இருந்தால், ஒரு அட்டையில் தமிழ் எழுத்திலேயே இரண்டு வரி எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: “ரிதெனவா” என்றால் வலிக்கிறது, “ஹுஸ்ம கன்ன அமாருய்” என்றால் மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. வலியைச் சொல்லத் தெரியாததால் பனடோலோடு திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள்.

மோர்பின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே? பழக்கமாயிடாதா?

இரண்டும் இல்லை. மோர்பின் கடும் வலிக்கான மருந்து. அளவு பார்த்து, சிறிதாகத் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிய மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. நோய் முற்றிய கட்டத்தில் அதைத் தொடங்குவதால், “மோர்பின் கொடுத்தாங்க, போயிட்டாங்க” என்று ஊரில் பேச்சாகிவிடுகிறது. பழக்கமும் அப்படித்தான். வலிக்காகக் குடிக்கிறவருக்கு நாளடைவில் அளவு கூடலாம். அது நோய் கூடுவதால். ஆனால் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம் வரும். அதனால் நிறுத்துவதையும் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்படிக் கொடுப்பது? வலி வந்த பிறகா?

வலி வருமுன். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரண மோர்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய 4 மணித்தியாலம்தான் நிற்கும். அதனால் காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10, நடுராத்திரி 2 என்று மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க, இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுக்கச் சில டொக்டர்மார் சொல்வார்கள்; சொன்னால் மட்டும் செய்யுங்கள். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு வேளைக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள்.

இடையில் வலி பீறிட்டால் அதற்கென்று ஒரு மேலதிக வேளை உண்டு. வழமையாக அது ஒரு நாளின் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. 5 மில்லிகிராம் ஆறு வேளை என்றால் நாளுக்கு 30. மேலதிக வேளை 5. அதைக் கொடுத்துவிட்டு அடுத்த வழமையான வேளையைத் தவறவிடக் கூடாது. நாளுக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் மேலதிகம் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். டொக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கொப்பி: பிள்ளையின் பழைய சீ.ஆர் கொப்பி ஒன்றில் திகதி, மணி, மருந்து, வலிக்கு பத்தில் எத்தனை என்று நான்கு கோடு போட்டு எழுதுங்கள். கிளினிக்கில் அந்த ஒரு பக்கம் பத்து நிமிடப் பேச்சை விட உதவும்.

நீண்ட நேரம் வேலை செய்யும் மோர்பின் மாத்திரை வேறு வகை, 12 மணித்தியாலத்துக்கு ஒன்று. அதை உடைக்கவோ இடித்துக் கரைக்கவோ கூடவே கூடாது. 12 மணித்தியால மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

மோர்பின் தொடங்கியதும் வாந்தியும் மயக்கமும் வருது. நிறுத்திடலாமா?

தூக்கக் கலக்கம் இரண்டு மூன்று நாளில் குறையும். பல நாள் தூங்காதவர் வலி நின்றதும் தூங்குகிறார் என்பதும் அதில் உண்டு. குமட்டல் முதல் வாரத்துக்குள் அடங்கும். அதற்கு டொம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோபிரமைட் எழுதித் தருவார்கள்.

மலச்சிக்கல் மட்டும் அடங்காது. மோர்பின் குடிக்கும் வரை மலமிளக்கியும் குடிக்க வேண்டும்: இரவில் பிசகொடில், அல்லது லக்டுலோஸ் 15 மில்லிலீட்டர் இரண்டு வேளை என்ற மாதிரி. மோர்பின் எழுதிய துண்டில் மலமிளக்கி இல்லையென்றால் மறந்துவிட்டார்கள், கேளுங்கள். மூன்று நாள் போகாவிட்டால் காத்திருக்க வேண்டாம். அடைத்த மலத்தைச் சுற்றி நீராகக் கசிவதை “வயித்தாலை போகுது” என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துபவர்கள் உண்டு. நிலைமை இன்னும் மோசமாகும்.

தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 8க்குக் கீழே போய்விட்டது, அல்லது கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மோர்பின் உடம்பில் தேங்கும். அவர்களுக்கு அளவையும் இடைவெளியையும் முதலிலேயே மாற்றிக் கொடுப்பார்கள்.

பனடோல் கூடக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நாளுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 8க்கு மேல் போகக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு அதுவும் அதிகம். டொக்டரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். கடையில் வாங்கும் தடிமன் மாத்திரைகளிலும் அதே பரசிட்டமோல் மருந்து இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். சிறுநீரக நோயாளிக்கு டைக்ளோஃபெனக் என்ற வலி மாத்திரை வேண்டாம்.

மழையில் பாதை அடைபட்டால் மருந்துக்கு என்ன செய்வது?

மண்சரிவு வரும் மாதங்களிலும், தைப்பொங்கல், வெசாக், தீபாவளி போன்ற விடுமுறைகளுக்கு முன்னும், குறைந்தது 7 நாள் மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் மோர்பின் இருக்குமென்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தோட்டத்து டாக்டரையாவுக்கு நோயாளியைப் பற்றிச் சொல்லி வையுங்கள்: காயத்துக்குக் கட்டுப் போட, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) அடைத்தால் பார்க்க, லொறி ஏற்பாடு செய்ய அவர் தேவைப்படுவார். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருந்தால் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மோர்பினை ஒரு தகர டின்னில் போட்டுப் பூட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அது எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டியதில்லை.

காம்பரா சின்னது, கக்கூஸ் வெளியே படி இறங்கி. எப்படி வைத்துப் பார்ப்பது?

கட்டிலை அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, கதவு திறந்தால் வெளிச்சம் விழும் இடத்தில் போடுங்கள். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டாமல், ஆள் நுழைகிற அளவு இடம் விட வேண்டும். இரண்டு பக்கமும் நின்றால்தான் திருப்ப முடியும். கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால் பார்ப்பவரின் இடுப்பு தப்பும்.

கக்கூஸுக்கு, கை வைத்த பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, வெட்டிய விளிம்பைச் சேலைத் துணியால் சுற்றித் தைத்து, கீழே வாளி வைத்தால் போதும். கதிரைக் கால் வழுக்காமல் இருக்கச் சாக்கு விரியுங்கள். பெம்பர்ஸ் வாங்க முடிந்தவர்கள் இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். முழு நாளும் கட்டினால் தோல் வெந்துவிடும்.

குளிருக்கு கம்பளி போர்த்துங்கள். மரத்த காலுக்கும் வீங்கிய காலுக்கும் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்க வேண்டாம். அவருக்குச் சூடு தெரியாது, காலையில் கொப்புளம் கண்டிருக்கும்.

மேல் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறக்கும்போது உறுதியான மரக்கதிரையில் உட்கார வைத்து, இடுப்பையும் நெஞ்சையும் சேலையால் கட்டி, நான்கு பேர் தூக்குங்கள். இறக்கத்தில் அவர் முகம் கீழ்ப்பக்கம் பார்க்க, கதிரை பின்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும்.

படுக்கைப் புண் வராமல் இருக்க?

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பு எலும்பு அழுந்தும். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். முழங்காலிலிருந்து கெண்டைக்கால் வரை தலையணை வைத்து, குதிக்கால் மெத்தையில் படாமல் தொங்க விடுங்கள். இழுத்து நகர்த்தாதீர்கள். இடுப்புக்குக் கீழே குறுக்கே விரித்த சேலையை இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் தோல் உரசாது. கொழுந்து பறித்த கை சொரசொரப்பாக இருக்கும், நகத்தை வெட்டி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தொடுங்கள்.

வட்டமான டியூப்பில் உட்கார வைக்க வேண்டாம், நடுப்பகுதிக்கு இரத்தம் போகாது. சிவந்த இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். விரலால் அழுத்தி எடுத்ததும் சிவப்பு வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. காற்று மெத்தை கிடைத்தாலும் திருப்புவது நிற்கக் கூடாது.

வாய்ப் புண் நாறுது, பக்கத்தில் போக முடியல. என்ன செய்யலாம்?

இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையும் புகையிலையும் பாக்கும் தோட்டத்தில் குளிருக்கும் பசிக்கும் துணை. கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த புண்ணின் நாற்றம் வலியை விட அதிகமாக அவரைத் தனிமைப்படுத்தும். ஆனால் அதை அடக்க மலிவான வழி இருக்கிறது.

கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீட்டரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து, காயத்தை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள்; தேய்க்க வேண்டாம். பழைய துணி ஒட்டியிருந்தால் அதே தண்ணீரால் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். பிய்த்தால் இரத்தம் வரும். பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக இடித்து காயத்தில் தூவிக் கட்டுங்கள் (டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம், விலை குறைவு). இரண்டு மூன்று நாளில் நாற்றம் இறங்குவது தெரியும். கட்டிலடியில் ஒரு தட்டில் அடுப்புக்கரி வையுங்கள். தேயிலைத் தூள், மஞ்சள், பற்பசை எதுவும் காயத்தில் வேண்டாம். புழு வைத்திருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பகலில் காயத்தை மெல்லிய துணியால் மூடினால் ஈ வராது.

இரத்தம் கசிந்தால் ஈரத் துணியை மடித்து 10, 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்துப் பார்க்கக் கூடாது. கழுத்துப் பக்கம் பெரிய புண் உள்ளவருக்கு ஒருநாள் திடீரென்று நிறைய இரத்தம் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தால், கருநிறப் போர்வை அல்லது துவாய் இரண்டு கட்டிலருகே வைத்திருங்கள். வெள்ளைத் துணியில் இரத்தத்தைப் பார்ப்பதே நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் பெரிய பயம்.

சாப்பிட மாட்டேங்கிறாங்க. சேலைன் ஏத்தினா தெம்பு வருமா?

கஞ்சியைக் கரண்டியால் வாயில் திணிப்பது அன்புதான், ஆனால் நோயாளி புரையேறி, நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சலோடு கிடக்கக் காரணமாகிறது. நோய் முற்றும்போது உடம்பு உணவை ஏற்காது. சாப்பிடாததால் நோய் கூடவில்லை, நோய் கூடியதால் சாப்பிடவில்லை. கேட்டதை, கேட்ட நேரத்தில், இரண்டு மூன்று கரண்டி. நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள்.

சேலைனில் இருப்பது தண்ணீரும் உப்பும். வயிற்றோட்டத்தில் வற்றியவருக்கு அது தேவை. கடைசி நாட்களில் உடம்பு அதை வெளியேற்ற முடியாமல் கால் வீங்கும், நெஞ்சில் சளி கரகரக்கும். வாய் வறட்சிக்கு ஈரத் துணியால் அடிக்கடி வாயைத் துடைப்பதே நல்லது. உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். நாக்கில் வெள்ளைப் படலம் படிந்து எரிந்தால் அது பூஞ்சை, மருந்து உண்டு.

மூச்சு வாங்குது. ஒக்சிஜன் சிலிண்டர் எடுக்கணுமா?

இரத்தத்தில் ஒக்சிஜன் குறையாதவருக்கு அதனால் பெரிய பலன் இல்லை. முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் சின்னக் கைமின்விசிறியைப் பிடித்துப் பாருங்கள். காற்று கன்னத்தில் படும்போது மூச்சுத்திணறல் உணர்வு குறைகிறது. விசிறி மட்டையும் போதும். சாய்ந்து உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை வைத்துக் கைகளைத் தாங்கலாக வையுங்கள். குளிரென்று சன்னலை அடைக்காதீர்கள், ஆளைப் போர்த்துங்கள். சிறிய அளவு மோர்பின் மூச்சுத்திணறலுக்கும் மருந்து.

ஒக்சிஜன் இருக்கும் காம்பராவில் விறகடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. கம்பளியில் ஒக்சிஜன் ஊறியிருந்தால் ஒரு பொறி போதும்.

அவங்ககிட்ட உண்மையைச் சொல்லலாமா?

“சொன்னா உடைஞ்சு போயிருவாங்க” என்று வீட்டார் மறைப்பது வழக்கம். நோயாளிக்குப் பெரும்பாலும் தெரியும். தெரிந்ததை அவர் உங்களுக்காக மறைப்பார், நீங்கள் அவருக்காக மறைப்பீர்கள். ஒரே காம்பராவில் இரண்டு பேர் தனித்தனியாக அழுவார்கள். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டியதில்லை. “உங்களுக்கு என்ன விளங்குது, அம்மா?” என்று முதலில் அவரைச் சொல்ல விடுங்கள். “நான் பிழைப்பேனா?” என்று கேட்டால் “ஒன்னுமில்ல, சரியாயிடும்” என்று வாயை அடைக்காமல், “எதை நினைச்சுக் கேட்கிறீங்க?” என்று கேளுங்கள். மகளின் கல்யாணத்தை முன்னுக்குக் கொண்டு வருவது, கடனைச் சொல்லி வைப்பது, கொழும்பில் வேலை செய்யும் மகனை வரச் சொல்வது: நேரம் இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும். அவர் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றால் அதுவும் அவருடைய உரிமை.

பிள்ளைகளுக்கு “பாட்டி தூங்குறாங்க” என்று சொல்லாதீர்கள். பிறகு தூங்கவே பயப்படும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

முதுகில் புதிதாகக் கடும் வலி வந்து கால் பலமிழந்தால், அல்லது சிறுநீர் கட்டிக்கொண்டால் அன்றே போக வேண்டும். கட்டி முள்ளந்தண்டை நெரிக்கலாம்; பிந்தினால் நடை திரும்பாது. கீமோ போட்ட வாரங்களில் 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலும் அன்றே. எலும்பு முறிவு, விடாத வலிப்பு, முகமும் கழுத்தும் திடீரென்று வீங்குவது, மேலதிக மோர்பினுக்கும் அடங்காத வலி ஆகியவையும் அப்படியே.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் அருகிலுள்ள அரச ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வராது. வாகனம் எந்தச் சந்தி வரை வரும் என்று முதலிலேயே பார்த்து, தோட்டம், டிவிஷன், லயன் இலக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு வழியே வாயில் வராது.

ஒரே ஆள்தான் பார்க்கிறாங்க, அவங்களும் கொழுந்துக்குப் போகணும்.

பெரும்பாலும் மருமகள், அல்லது மூத்த மகள். பகல் 10, 2 மணி மருந்துக்குப் பக்கத்துக் காம்பரா ஒருவரை நியமித்து, மாத்திரையை மணி எழுதிய தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போகலாம். இரவுத் திருப்பல் ஆண்களின் வேலையாகட்டும். பாரம் தூக்க அவர்களுக்குத்தான் தெரியும் என்று பெருமை பேசுகிறார்கள் அல்லவா. பார்க்க வரும் சொந்தக்காரர்களை பிஸ்கட்டும் ஹோர்லிக்ஸும் வேண்டாம், இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைசி நாட்கள் எப்படித் தெரியும்?

நாள் முழுவதும் தூக்கம், விழுங்க முடியாமை, சிறுநீர் குறைந்து கருப்பாவது, கைகால் குளிர்ந்து நீலம் பாரிப்பது, மூச்சு சில வினாடி நின்று மறுபடி எடுப்பது. தொண்டையில் கரகரவென்று இழுக்கும் சத்தம் கேட்பவருக்குக் கொடூரமாக இருக்கும். மயக்கத்தில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து, தலையை உயர்த்துங்கள். குழாய் விட்டு உறிஞ்சச் சொல்ல வேண்டாம். அமைதியில்லாமல் புரண்டால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருந்தால் கதீட்டர் போட்டதும் அடங்கிவிடும். விழுங்க முடியாவிட்டாலும் வலி மருந்து தேவை. வேறு வழியில் கொடுப்பதைப் பற்றி முன்கூட்டியே டொக்டரிடம் பேசி வைத்திருக்க வேண்டும்.

பால் ஊற்றுவதைப் பற்றிக் கேட்பார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி என்று இருபது பேர் ஊற்றினால் அத்தனையும் மூச்சுக்குழாயில் இறங்கித் திணறுவார். பஞ்சைப் பாலில் நனைத்து, பிழிந்து, உதட்டில் தொட்டு எடுங்கள். சடங்கு நிறைவேறும், மூச்சும் தடைபடாது. பேசுவது கேட்கும் என்று எண்ணியே பேசுங்கள்; கட்டிலருகே காணிச் சண்டை வேண்டாம்.

வீட்டில் இறந்தால் பொலிஸ் வருமா?

நாட்பட்ட நோயால் எதிர்பார்த்த மரணம், டயக்னோசிஸ் கார்டும் கிளினிக் புத்தகமும் கையில் இருக்கிறது என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உடனே அறிவியுங்கள். விழுந்து அடிபட்டோ சந்தேகத்துக்கிடமாகவோ இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி பார்க்க வேண்டும். மரணத்தை 5 நாளுக்குள் பதிவாளரிடம் பதிய வேண்டும்.

சேமலாப நிதி, உதவிப் பணம்?

வேலை செய்ய முடியாத அளவு நிரந்தரமாக இயலாமல் போனால், வைத்தியச் சான்றுடன் ஊழியர் சேமலாப நிதியை உயிரோடிருக்கும்போதே எடுக்கலாம். ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்து விலகியவருக்குப் பணிக்கொடையும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளிகளுக்கான உதவிப் பணம் பற்றிக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் சறுக்குவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ‘ராமாயி’, அடையாள அட்டையில் ‘ராமாய்’, தோட்ட வேலைப் பதிவான செக்ரோலில் ‘ராமையி’. அவர் கையொப்பமிட முடிகிற காலத்திலேயே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். சேமலாப நிதியில் பின்னுரிமையாளராக (பணம் பெற வேண்டியவராக) யார் பெயர் இருக்கிறதென்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய தாயின் பெயர், அவர் இறந்து பத்து வருடமாகியும் அப்படியே கிடக்கும்.

மிச்ச மருந்தையும் மெத்தையையும் என்ன செய்வது?

மோர்பினை எண்ணி, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பி ஒப்படையுங்கள். பக்கத்து லயத்தில் வலிக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள். அவருடைய அளவு வேறு. காற்று மெத்தையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, நிழலில் முழுதாகக் காயவிட்டு, காற்றை இறக்கிச் சுருட்டுங்கள். பம்பையும் இரண்டு குழாய்களையும் அதோடேயே சேர்த்துக் கட்டுங்கள். குழாய் தொலைந்த மெத்தை அடுத்த வீட்டுக்கு உதவாது.